செயலியைத் திறப்பவருக்கு உண்மையில் என்ன வேண்டும்?

மாலையில் கூட்டம் மொய்க்கும் ஒரு பஜ்ஜிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் ஒரு கையில் ஜல்லிக்கரண்டி, இன்னொரு கையெல்லாம் கடலை மாவு. வாங்க வந்தவர் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து 40 ரூபாய் அனுப்பிவிட்டு, "அண்ணே, போட்டாச்சு" என்று போனைத் தூக்கிக் காட்டுகிறார். யூபிஐ வந்தது 2016இல். அது பரவத் தொடங்கிய காலத்தில் இந்த இடத்தில் கடைக்காரர் என்ன செய்ய வேண்டியிருந்தது? கையைத் துடைத்து, போனை எடுத்து, பூட்டைத் திறந்து, எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா என்று தேடி, வராவிட்டால் செயலிக்குள் போய்ப் பட்டியலைப் பார்த்து... அதற்குள் எண்ணெயில் கிடப்பது கருகிவிடும். அதனால் பலர் சரியாகப் பார்க்காமலேயே தலையாட்டிவிட்டார்கள். பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றுபவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

அப்புறம் சவுண்ட் பாக்ஸ் வந்தது. தனக்கென்று ஒரு சிம் கார்டு வைத்திருக்கும் சின்ன ஒலிபெருக்கி அது. பணம் கணக்கில் ஏறியதும் இத்தனை ரூபாய் வந்திருக்கிறது என்று தமிழிலேயே சொல்லிவிடும். பார்க்க வேண்டிய திரையும் இல்லை, தேட வேண்டிய மெனுவும் இல்லை. பேடிஎம், போன்பே, பாரத்பே என்று வரிசையாக எல்லோரும் இப்போது தருகிறார்கள். மாத வாடகை கொடுத்தும் கடைக்காரர்கள் அதை வைத்துக்கொள்கிறார்கள்.

காரணம் எளிமையானது. கடைக்காரருக்குப் பணப் பரிமாற்றப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. பணம் வந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். கை வேலை நிற்கக் கூடாது. எதிரே நிற்பவரைச் சந்தேகப்படுவது போலவும் ஆகிவிடக் கூடாது. இந்த மூன்றும்தான் அவருடைய தேவை. பட்டியலை இன்னும் அழகாக்கியிருந்தாலும், எழுத்தைப் பெரிதாக்கியிருந்தாலும், வண்ணத்தை மாற்றியிருந்தாலும் இவற்றில் ஒன்றுகூட நிறைவேறியிருக்காது. அவருடைய நோக்கம் என்ன என்று யாரோ உட்கார்ந்து யோசித்ததால்தான் விடை திரையை விட்டு வெளியே வந்து ஒரு பெட்டிக்குள் போனது. பயனரின் நோக்கத்தைச் சுற்றி வடிவமைப்பது என்று செயலி, இணையதள வடிவமைப்புத் துறையில் சொல்வது இதைத்தான்.

நோக்கத்தையும் வேலையையும் பிரித்துப் பார்ப்பது இதில் முதல் பாடம். உள்நுழைவது, ஓடிபி அடிப்பது, படிவம் நிரப்புவது, பட்டனை அழுத்துவது எல்லாம் வேலைகள். இவற்றைச் செய்ய வேண்டும் என்று யாருக்கும் ஆசை கிடையாது. பொங்கலுக்கு ஊர் போய்ச் சேர்வது, பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைப்பது, அப்பாவின் மாத்திரை தீர்வதற்குள் அடுத்த அட்டை வாங்கி வைப்பது, இவைதான் நோக்கங்கள். கருவி மாறினால் வேலைகள் மாறும், நோக்கம் அப்படியே இருக்கும். ரயில் டிக்கெட்டுக்கு ஒரு காலத்தில் விடிவதற்கு முன்பே நிலையத்தில் போய் வரிசையில் நின்றோம். 2002இல் ஐஆர்சிடிசி இணையத்தில் டிக்கெட் கொடுக்கத் தொடங்கியது. வரிசைக்குப் பதிலாகப் பாஸ்வேர்டும் கேப்ட்சாவும் வந்தன. ஊருக்குப் போக வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

இந்தப் பிரிவு கண்ணில் பட்டுவிட்டால் ஒரு திரையைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும். வெயிட்டிங் லிஸ்ட் 34 என்று காட்டுவது ரயில்வேயின் கணக்கு. பயணிக்கு வேண்டியது ஒரு முடிவு: இதை நம்பிக் காத்திருக்கலாமா, இல்லை இன்றே பஸ்ஸில் பதிவு செய்துவிடலாமா? டிக்கெட் உறுதியாக எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று கணித்துச் சொல்லும் வசதியும், வேறு ரயிலில் இடம் இருந்தால் அதற்கு மாற்றிக் கொடுக்கும் விகல்ப் திட்டமும் அந்த முடிவுக்கு உதவுகின்றன. வெறும் எண் உதவாது.

நோக்கம் நம் மனதை எந்த அளவுக்கு ஆட்டிவைக்கிறது என்பதைக் காட்ட ஏடிஎம்மை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பழைய இயந்திரங்கள் பலவற்றில் முதலில் பணம் வரும், அதற்குப் பிறகு அட்டை வரும். மக்கள் பணத்தை எண்ணிக்கொண்டே நடையைக் கட்டிவிடுவார்கள், அட்டை இயந்திரத்திலேயே தங்கிவிடும். "அட்டையை எடுக்க மறக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டினாலும் மறந்துகொண்டேதான் இருந்தார்கள். இதற்கு மறதிக்காரர்கள் என்று மக்களைக் குறை சொல்ல முடியாது. வந்த நோக்கம் பணம். அது கைக்கு வந்த நொடியில் மனம் அந்தக் கணக்கை மூடிவிடுகிறது. மூடிய பிறகு மிச்சமிருக்கும் எந்தப் படியும் நினைவில் நிற்பதில்லை. மைக்கேல் பர்ன், சூசன் போவேர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997இல் இந்த வகைப் பிழையை ஆராய்ந்து எழுதினார்கள். ஜெராக்ஸ் எடுத்த பிரதிகளைக் கையில் வாங்கிக்கொண்டு அசல் ஆதார் அட்டையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோமே, அதுவும் இதே பிழைதான்.

தீர்வு என்ன? இன்று பல ஏடிஎம்கள் அட்டையைக் கையில் கொடுத்த பிறகே பணத்தை வெளியே தள்ளுகின்றன. எச்சரிக்கைப் பலகை செய்ய முடியாததை, இரண்டு படிகளின் வரிசையை மாற்றியது செய்துவிட்டது.

உங்கள் செயலிக்கும் இது அப்படியே பொருந்தும். பணம் செலுத்தி முடித்த பிறகு "ரசீதைச் சேமிக்கவும்" என்று ஒரு பட்டன் வைத்தால் பெரும்பாலோர் அதை அழுத்த மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து ரசீதைத் தேடி அலைவார்கள். நோக்கம் நிறைவேறிய பிறகு பயனர் செய்ய வேண்டியது என்று எதையும் மிச்சம் வைக்காதீர்கள். ரசீது தானாகப் போய்ச் சேரட்டும்.

நோக்கத்துக்கு முன்னால் குறுக்கே நிற்கும் படிகளின் கதை வேறு. அவற்றை யாரும் மறப்பதில்லை, எரிச்சல்படுவார்கள். ஜாரெட் ஸ்பூல் என்ற அமெரிக்க வடிவமைப்பு ஆலோசகர் தான் பணிசெய்த ஒரு பெரிய இணையக் கடையைப் பற்றி எழுதியிருக்கிறார். பொருளைக் கூடையில் போட்டுப் பணம் கட்டப் போனால், "உள்நுழையவும் அல்லது பதிவு செய்யவும்" என்று ஒரு படிவம் நடுவில் வந்து நிற்கும். முதல்முறை வந்தவர்கள், பொருள் வாங்க வந்த இடத்தில் எதற்குப் பதிவு என்று கோபப்பட்டார்கள். ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்குப் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. பதிவு பட்டனை எடுத்துவிட்டு "தொடரவும்" என்ற பட்டனை வைத்து, வாங்குவதற்குக் கணக்கு தேவையில்லை என்று ஒரு வரி எழுதினார்கள். வாங்கி முடிப்பவர்களின் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது, முதல் ஆண்டில் 30 கோடி டாலர் கூடுதலாக விற்பனையானது என்கிறார் ஸ்பூல். பதிவு என்பது கடையின் நோக்கம். வந்தவருக்கு வேண்டியது பொருள்.

இந்தச் சிந்தனைக்கு முறையான வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஆலன் கூப்பர். மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக் என்ற நிரல்மொழியின் தந்தை என்று அறியப்படுபவர், அடிப்படையில் புரோகிராமர். 1983இல் அவர் தனியாளாக உட்கார்ந்து, திட்டப் பணிகளை மேற்பார்வை செய்வதற்கான ஒரு மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பயன்படுத்தக்கூடிய சிலரிடம் முன்கூட்டியே போய்ப் பேசினார். அவர்களில் ஒருவர் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த பெண். எழுதிய நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதைக் கம்பைல் செய்வது என்பார்கள், அந்தக் காலக் கணினியில் ஒரு தடவை அதைச் செய்யவே நெடுநேரம் ஆகும். அந்த இடைவெளியில் கூப்பர் பக்கத்திலிருந்த கோல்ஃப் மைதானத்தில் நடப்பார். நடந்துகொண்டே, அந்தப் பெண்ணை மனதில் வைத்து உருவாக்கிய ஒரு கற்பனை ஆளாக மாறி, இந்த மென்பொருள் தனக்கு என்ன செய்து தர வேண்டும் என்று அவருடைய வாயால் பேசிப் பார்ப்பார். எந்த வசதி அவசியம், எது அலங்காரம் என்பது அப்போது தெளிவாகிவிடும். இந்தப் பழக்கம்தான் பின்னாளில் பர்சோனா என்ற முறையாக வளர்ந்தது. 1999இல் வெளியான தன் நூலில் அவர் இதை விரிவாக எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

பர்சோனா என்றால், நேரில் பார்த்துப் பேசிய பலரிடம் தெரிந்த பொதுவான நோக்கங்களையும் பழக்கங்களையும் சேர்த்து உருவாக்கும் ஒரு மாதிரி ஆள். அதன் அவசியத்தைக் கூப்பர் அழகாக விளக்குகிறார். குழுவில் எல்லோரும் "பயனர், பயனர்" என்று பேசுவார்கள். ஆனால் அந்தப் பயனர் ரப்பர் மாதிரி, இழுத்த இழுப்புக்கெல்லாம் வருவார். கடினமான வசதியைச் சேர்க்க நினைக்கும்போது "பயனருக்கு இதெல்லாம் தெரியும்" என்பார்கள். வசதியை வெட்ட நினைக்கும்போது அதே பயனர் "ஒன்றும் தெரியாதவர்" ஆகிவிடுவார். ஒரு குறிப்பிட்ட ஆளை நடுவில் நிறுத்திவிட்டால் இப்படி இழுக்க முடியாது.

ஒருவருக்காக மட்டும் வடிவமைத்தால் மற்றவர்கள் விட்டுப்போவார்களே என்ற பயம் எல்லோருக்கும் வரும். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. இன்று நாம் இழுத்துச் செல்லும், நிமிர்ந்து நிற்கும் சக்கரப் பெட்டியை 1987இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி உருவாக்கினார். முதலில் விமானப் பணியாளர்களுக்குத்தான் விற்றார். விமான நிலையத்தில் அதைப் பார்த்த பயணிகள் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அடிக்கடி, அவசரமாக, நெடுந்தூரம் நடக்க வேண்டிய ஒருவருடைய நோக்கத்தைச் சரியாகத் தீர்த்ததால் எல்லோருக்கும் அது உதவியது.

கூப்பர் நோக்கங்களை மூன்று அடுக்காகப் பார்க்கிறார். எந்த மனநிலையில் இருக்க விரும்புகிறோம், எதை முடிக்க விரும்புகிறோம், எப்படிப்பட்டவராக வாழ விரும்புகிறோம் என்று. நடு அடுக்கை எல்லோரும் கவனிப்பார்கள். முதல் அடுக்கைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறோம். யாரும் தன்னை முட்டாளாக உணர விரும்புவதில்லை. "தவறான உள்ளீடு" என்று சிவப்பு எழுத்தில் கத்தும் ஒரு படிவம், வேலையை முடித்துக் கொடுத்தாலும் அந்த மனிதரைச் சிறுமைப்படுத்திவிடுகிறது. அரசு இணையதளங்களில் விண்ணப்பிக்கும்போது கூடவே ஒரு படித்த பையனைத் துணைக்கு அழைத்து வைத்துக்கொள்ளும் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

சரி, நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று நேராகக் கேட்டால் கிடைக்காது. கேட்டால் மக்கள் வசதிகளைத்தான் சொல்வார்கள்: டார்க் மோட் வேண்டும், நோட்டிஃபிகேஷன் வேண்டும் என்று. அது அவர்கள் யோசித்த தீர்வு. அதற்குப் பின்னால் இருக்கும் சிக்கலை நாம் பார்க்க வேண்டும், அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கவனிப்பதே அதற்குச் சிறந்த வழி.

மைக்ரோசாஃப்ட் எக்செல் குழுவுக்கு 1990களின் தொடக்கத்தில் இது நடந்தது. எக்செல் என்றால் நிதிக் கணக்குகள் போடும் கருவி என்றுதான் அவர்களே நினைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களின் அலுவலகங்களுக்குப் போய்ப் பார்த்தபோது, பெரும்பாலானவர்கள் அதில் சும்மா பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டல் கழித்தல்கூட இல்லை. பெயர்கள், பொருட்கள், தேதிகள் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த ஜோயல் ஸ்போல்ஸ்கி இதைப் பதிவு செய்திருக்கிறார். நம்மூரில் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பட்டியலை எக்செலில் போடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குக் கட்டம் வேண்டும், வரிசைப்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

கென்யாவின் கைபேசிப் பணச் சேவையான எம்-பெசாவின் கதை இதை விடப் பெரியது. வோடஃபோனும், கென்யாவின் கைபேசி நிறுவனமான சஃபாரிகாமும் 2005இல் ஒரு சோதனை நடத்தின. நுண்கடன் வாங்கியவர்கள் தவணையைக் கைபேசி வழியாகத் திருப்பிக் கட்டுவதற்கான ஏற்பாடு அது. கடன் கொடுத்த நிறுவனத்தின் பார்வையில் பிறந்த யோசனை. கையில் கொடுத்துப் பார்த்தால், மக்கள் அதை வேறு எதற்கெல்லாமோ பயன்படுத்தினார்கள். ஊரில் இருப்பவர்களுக்குப் பணம் அனுப்பினார்கள், கடைக்குக் கடை பணம் கொடுத்து வாங்கினார்கள். பயணம் கிளம்பும் ஊரில் பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த ஊரில் எடுத்துக்கொண்டார்கள், வழியில் திருட்டுப் போகாமல் இருக்க. நகரத்தில் உழைத்துக் கிராமத்தில் குடும்பத்தை வைத்திருப்பவர்களின் நாடு அது. பணம் பத்திரமாக வீடு சேர வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். நடத்தியவர்கள் அதைக் கவனித்தார்கள், கடன் தவணையை ஒதுக்கிவைத்தார்கள். 2007 மார்ச்சில் "வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்" என்ற ஒரே செய்தியோடு சேவையைத் தொடங்கினார்கள். சாதாரண பட்டன் போனில் ஓடிய அந்தச் சேவை கென்யா முழுக்கப் பரவியது. சோதனையில் மக்கள் செய்ததைத் தவறான பயன்பாடு என்று தடுத்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். தங்கள் திட்டத்தை விட மக்களின் நடத்தையை நம்பினார்கள் பாருங்கள், அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பக்கத்தில் உட்கார முடியாதபோது பேசலாம். அப்போது கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். "கடைசியாக எப்போது கரண்ட் பில் கட்டினீர்கள்? அன்று என்ன நடந்தது? அதற்கு முன் யாரிடம் கேட்டீர்கள்?" எதிர்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் நல்லெண்ணத்தில் ஏதாவது சொல்வார்கள். நடந்ததைச் சொல்லும்போது விவரம் விவரமாக வரும். அவர்களே கண்டுபிடித்து வைத்திருக்கும் குறுக்கு வழிகளையும் பாருங்கள்: காலண்டரில் வட்டம் போட்ட தேதி, போன் கேலரியில் படமெடுத்து வைத்த அட்டை, தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்தி. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு செயலி செய்யாமல் விட்ட வேலை.

ஒரு பயிற்சியாக, தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் கட்டும் செயலியைப் புதிதாக வடிவமைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். "ஈபி பில் கட்ட வேண்டும்" என்பது வேலை, அது எல்லோருக்கும் ஒன்று. நோக்கம் யாருக்கு என்ன?

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு மகன். அம்மா மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார். கெடு தாண்டி ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டால் அம்மா இருட்டில் உட்கார வேண்டுமே என்பதுதான் அவருடைய கவலை. அவர் செயலியைத் திறப்பது பல நேரங்களில் கட்டுவதற்காக இருக்காது, கட்டியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக இருக்கும். ஏனென்றால் அக்காவும் கட்டியிருக்கலாம், பக்கத்து வீட்டுத் தம்பியிடம் அம்மா கொடுத்துக் கட்டச் சொல்லியிருக்கலாம்.

அடுத்தவர் வாடகைக்குக் குடியிருப்பவர். இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கிறது, அளவெடுத்ததும் எஸ்எம்எஸ் உரிமையாளர் போனுக்குப் போகிறது. இவருக்கு அது நேரத்தோடு தெரிய வேண்டும், கட்டியதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும், வீட்டைக் காலி செய்யும்போது பேச்சு வராமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது, மே மாதத்தில் ஏசி ஓடும் ஒரு வீடு. இங்கே கவலை 500 யூனிட் என்ற கோடு. 2022இல் மாற்றப்பட்ட கட்டண முறைப்படி, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை. 500ஐத் தாண்டினால் அந்தக் குறைந்த விலை அடுக்கே கிடையாது. 499க்கும் 501க்கும் இரண்டு யூனிட்தான் வித்தியாசம், பில்லில் 200 ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். பில் வந்த பிறகு அதை விளக்கும் அழகான வரைபடத்தால் இந்த வீட்டுக்கு ஒரு பயனும் இல்லை. தாண்டுவதற்கு முன்பே தெரிய வேண்டும்.

மூன்று பேரையும் முதல் திரையில் திணித்தால் மூவருக்கும் உதவாது. நான் மகனை நடுவில் நிறுத்துவேன். அவர் தூரத்தில் இருக்கிறார், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளைக் கவனிக்கிறார், தவறினால் பாதிக்கப்படுவது இன்னொருவர். அப்படியானால் திரையைத் திறந்ததும் நீளமான சர்வீஸ் நம்பர் தெரியக் கூடாது. "அம்மா வீடு: கட்டியாச்சு, 14ஆம் தேதி" என்று தெரிய வேண்டும். கட்டாமல் இருந்தால் "அம்மா வீடு: இன்னும் 6 நாள், 780 ரூபாய்" என்று வந்து, அதே வரியிலேயே கட்டும் பட்டன் இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் அம்மாவின் போனுக்குத் தமிழில் ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும், அவரும் நிம்மதியாக இருப்பார். இந்த அமைப்பில் வாடகைக்காரரின் தேவையும் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. சர்வீஸ் நம்பரைச் சேர்த்து "நான் இருக்கும் வீடு" என்று பெயர் வைத்துக்கொண்டால் போதும், உரிமையாளரின் எஸ்எம்எஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஏசி வீட்டுக்குத் தனித் திரை வேண்டும். இன்று மீட்டரில் இருக்கும் எண்ணைப் போடச் சொல்லலாம். 30 நாளில் 270 யூனிட் ஆகியிருந்தால், இதே வேகத்தில் போனால் 60 நாளில் 540. இங்கே நிறுத்திவிடாதீர்கள். 540 என்பது வெறும் தகவல். "இனி நாளுக்கு 7.5 யூனிட்டுக்குள் வைத்தால் 500 தாண்டாது. ஏசியை இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாக நிறுத்தினால் போதும்" என்பது வரை போங்கள். அந்த வீட்டில் இருப்பவர் மீட்டரைப் பார்க்க நாற்காலி போட்டு ஏறியது இந்த ஒரு வரிக்காகத்தான்.

இதற்கெல்லாம் எதிர்த்திசையில் இழுப்பது நிறுவனத்தின் நோக்கம். அரசு அலுவலகங்களில் அது துறைவாரியான பட்டியலாக வந்து நிற்கும். எந்தத் துறை எந்தச் சேவையைத் தருகிறது என்று குடிமக்கள் ஏன் தெரிந்து வைத்திருக்க வேண்டும்? பிரிட்டன் அரசு 2012 அக்டோபரில் தன் இணையச் சேவைகளை ஒரே தளமாகச் சேர்த்துத் தொடங்கியபோது, "பயனரின் தேவையிலிருந்து தொடங்கு" என்பதை முதல் விதியாக எழுதி வைத்தது. அந்தத் தளத்தின் பொது விடுமுறைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அடுத்த விடுமுறை எது என்பது மேலே பெரிய எழுத்தில் இருக்கும். வரலாறு, சட்டப் பிரிவு, அமைச்சரின் படம் எதுவும் குறுக்கே வராது. லண்டன் டிசைன் மியூசியம் 2013இல் அந்தத் தளத்துக்கு ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதைக் கொடுத்தது.

தனியார் நிறுவனங்களில் இந்த இழுப்பு இன்னும் பலமானது, சில நேரம் ஏமாற்று வேலையாகவே மாறிவிடுகிறது. வாங்காத காப்பீட்டைக் கூடையில் சேர்த்துவிடுவது, "ஒரே ஒரு அறைதான் மிச்சம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, சந்தாவில் சேர ஒரு பட்டனும் விலக ஏழு திரையும் வைப்பது. ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டன் வடிவமைப்பாளர் 2010இல் இவற்றுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்தார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. வடிவமைப்பாளராக வேலைக்குச் சேர்பவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படித்துவிட வேண்டும் என்பேன். மேலதிகாரி கேட்டாலும் "இதைச் செய்ய முடியாது" என்று சொல்ல ஒரு சட்டப் பிடிமானம் கிடைக்கும். இந்த உத்திகளை உருவாக்குபவர்களுக்குப் பயனரின் நோக்கம் நன்றாகவே தெரியும். ஊருக்குப் போகும் அவசரம் தெரிந்துதான் அந்த அவசரத்தில் கை வைக்கிறார்கள். அதனால் நோக்கத்தைத் தெரிந்துகொள்வது பாதி வேலைதான், அதன் பக்கம் நிற்க வேண்டும்.

வரைந்த திரைகளை மக்களிடம் சோதிக்கும்போதும் வேலையைச் சொல்லாதீர்கள், நோக்கத்தைச் சொல்லுங்கள். "பில் பகுதிக்குப் போய்க் கட்டண வரலாற்றைத் திறங்கள்" என்றால் நீங்களே வழி காட்டிவிட்டீர்கள். "அம்மா வீட்டுக்கு இந்தத் தடவை கட்டியாச்சா என்று பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை பற்றிய வல்லுநரான ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஐந்து பேர் என்பது ஒரு மதியத்துக்குள் முடியும் வேலை, செலவும் இல்லை.

செயலியின் வெற்றியை அளப்பதிலும் இதே கேள்விதான். எத்தனை பேர் தினமும் திறக்கிறார்கள், எத்தனை நிமிடம் இருக்கிறார்கள் என்று எண்ணுவது வழக்கம். மின் கட்டணச் செயலியில் ஒருவர் பத்து நிமிடம் இருந்தார் என்றால் அவர் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறார். கெடுவுக்குள் கட்டி முடித்த வீடுகள் எத்தனை, கட்டிய பிறகும் பணம் போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகத்தில் அதே நாளில் மறுபடி திறந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். முதல் எண் ஏற வேண்டும், இரண்டாவது குறைய வேண்டும். இரண்டாவது எண் குறையவில்லை என்றால், "கட்டியாச்சு" என்று சொல்லும் திரையை முதலில் எடுத்து மறுபடி வரையத் தொடங்கலாம்.